பொம்மை எஞ்சினின் கொதிகலன்: நம்பிக்கையும் உண்மையும்

பொங்கலூரைச் சுற்றியுள்ள நூல் ஆலைகளிலும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும் பாய்லரோடு பழகியவர்கள் ஏராளமாக இருப்பதனால், மாதிரி நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஆனால் பெரிய இரும்புக் கொதிகலனில் கற்றதை, இரண்டு படி தண்ணீர்கூடக் கொள்ளாத செம்புக் கொதிகலனுக்கும் அப்படியே பொருத்துவதால் சில பிசகான அபிப்பிராயங்கள் வேரூன்றிவிட்டன.

இருபத்தைந்து லிட்டருக்குக் குறைந்த கொதிகலனைச் சட்டமே விட்டுவிடுகிறது, ஆகையால் அதில் அபாயமில்லை என்பது ஒன்று. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டதையொட்டி வங்காளத்தில் மறு வருஷமே பிறந்த சட்டத்தின் வழியில்தான் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தது. சிறியவற்றுக்கு அளித்த விலக்கினால் இன்ஸ்பெக்டரின் வருகை நின்றதே தவிர, பரிசோதிக்கும் கடமை செய்தவன் தலையில் வந்து விழுந்துவிட்டது.

ஈயப்பற்று கசியாவிட்டால் போதும் என்பது இன்னொன்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஐந்து பார் அழுத்தத்தில் நீராவியின் உஷ்ணமோ ஏறக்குறைய 159 டிகிரி. நெருப்புப் பெட்டியின் தலைக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால், அந்தச் சிறு இடைவெளியும் நொடியில் மறைந்துவிடும். அறுநூறு டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றுதான் இங்கே பொருத்தம்.

பழுக்கக் காய்ச்சிய செம்பைத் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும் என்பது கொல்லுப்பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய நம்பிக்கை. எஃகின் சுபாவம் வேறு. செம்பு தோய்த்தாலும் ஆறவிட்டாலும் மிருதுவாகவே ஆகும், சுத்தியடிதான் அதைக் கெட்டியாக்கும். பற்றவைத்து முடிந்த கொதிகலன் முழுவதும் இளகிய செம்பாகவே நிற்பதால், கடையில் வாங்கிய தகட்டின் விறைப்பைக் கணக்கில் சேர்க்கலாகாது. உருளையான உடலைவிடத் தட்டையான பக்கங்களே முதலில் பிதுங்குமாகையால், தகட்டின் கனத்தை மட்டும் நம்பாமல் அவற்றைத் தாங்குகம்பிகளால் பிணைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் விபரீதமானது, கம்பிரஸர் காற்றை ஏற்றிச் சோப்புநுரை தடவிப் பார்ப்பது. பனியன் கம்பெனிகளில் கம்பிரஸர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இந்த ஆசை எளிதில் எழுகிறது. அழுத்தப்பட்ட காற்று சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பற்று விட்டால் அத்தனையும் சிதறலாக வெளிப்படும். தண்ணீரோ அழுத்தத்தால் அநேகமாகச் சுருங்குவதில்லை. சிறிது கசிந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். ஆகவே உச்சித் துவாரம் வழியே காற்று முழுவதையும் போக்கிக் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பினால் படிப்படியாக ஏற்றி, புதிய கொதிகலனை வேலை அழுத்தத்தின் இருமடங்கில் நிறுத்தி, தட்டைப் பக்கங்களை முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதே முறை. அழுத்தமானி சரியானதென்று முன்கூட்டியே ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் இந்தப் பரீட்சைக்கு அர்த்தமேயில்லை.

இதில் தேறியதும் நீராவிப் பரீட்சை. கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைக் கவனித்துக்கொண்டே, எஞ்சினை நிறுத்தி, அடுப்பை முழு வேகத்தில் எரியவிட வேண்டும். சேஃப்டி வால்வு திறந்த பின்னும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால், அந்த வால்வைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்று பொருத்த வேண்டியதுதான்.