இடியும் அட்ரினலினும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்லும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. என் பாட்டி சொல்வார், அம்மாவும் சொல்வார். ஆனால் ஏழு வயதான என் தம்பிக்கு அர்ச்சுனன் கைகொடுக்கவில்லை. போன சித்திரையில் எங்கள் தெருக்கோடியில் நின்ற தென்னையில் இடி விழுந்து உச்சி எரிந்ததை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அன்று முதல் வானம் இருண்டாலே போதும். உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், உண்ட சோறு வெளியே வந்துவிடும். “ஆம்பளப் பிள்ளை இப்படிப் பயப்படலாமா?” என்று நானும் அதட்டியிருக்கிறேன். நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பாடத்தை வகுப்பில் கேட்ட பிறகுதான் அந்த அதட்டல் எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கிற்று.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். அவற்றின் உட்பகுதியான மெடுல்லா சுரக்கும் ஹார்மோனே அட்ரினலின். ஜப்பானிய வேதியியலறிஞர் ஜோகிச்சி தகாமினே இதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்த செய்தியை 1901-இல் அறிவித்தார். ஆபத்து என்று மூளை கருதியவுடன் பரிவு நரம்புகள் வழியே செய்தி பாய்கிறது. சில விநாடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, கண்பாவை விரிகிறது, கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் குளுக்கோசாகிறது, இரைப்பையின் வேலை மட்டுப்பட்டுத் தசைகளுக்கு இரத்தம் கூடுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று விளக்கியவர் அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கேனன். புலியைக் கண்டவனுக்கு இது உயிர் காக்கும். பாயில் சுருண்டு கிடக்கும் சிறுவன் யாரை எதிர்ப்பான், எங்கே ஓடுவான்?

இரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் “பயப்படாதே” என்ற கட்டளைக்கு அது கட்டுப்படாது. நொதிகள் அதைச் சிதைக்கும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அதற்குள் அடுத்த இடி இடித்தால் மீண்டும் சுரக்கும். ஆகவே நம்மால் ஆகக்கூடியது, இரண்டு இடிகளுக்கு நடுவே உடலைத் தணியவிடுவதும், அடுத்த இடி திடுக்கிட வைக்காதபடி செய்வதுமே.

மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. தம்பியிடம் மூச்சுப் பயிற்சி என்றால் கேட்கமாட்டான். தம்ளரில் சுடுகஞ்சியைக் கொடுத்து ஊதி ஆற்றச் சொன்னேன், ஊதினான். (“அர்ச்சுனா” என்று நீட்டிச் சொல்லும்போதும் மூச்சு நீளமாகத்தான் வெளியேறுகிறது. பாட்டி இதை அறிந்து சொன்னாரா என்பது வேறு விஷயம்!) ஓடத் துடிக்கும் தசைகளுக்கு வேலையாகத் தலையணையைத் துணி பிழிவதுபோல் முறுக்கச் சொன்னேன். ஓரளவு பலன் இருந்தது.

அடுத்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன். மின்னலின் ஒளி உடனே வந்துவிடும். ஒலியோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி சென்றால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எண்ணிக்கொண்டிருப்பவன் இடியை எதிர்பார்த்தே இருப்பான் அல்லவா?

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. ஐப்பசியில் ஒரு நாள் ஆறு எண்ணியவன் உதடு துடிக்கக் கேட்டான்: “ரெண்டு கிலோமீட்டருன்னா, அம்மா களையெடுக்கிற வயல்தானே?”

எங்கள் தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரைக்குள் அவன் பத்திரம். அவனுடைய அச்சம் இடியோசைக்கு மட்டுமன்று. திறந்த வயலில் குனிந்து நிற்பவரை நினைத்து ஒரு பிள்ளைக்கு அட்ரினலின் சுரந்தால் அதை எப்படி வீண் பயம் என்பது?

அன்றிரவு அம்மாவுக்கும் கணக்கைச் சொன்னேன். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கரையேறிவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. பள்ளிக்கூடம் போன்ற கட்டிடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. “கூலியைப் பிடிச்சுக்குவாங்களே” என்றார் அம்மா. அதற்கு என் பாடப்புத்தகத்தில் விடையில்லை. பிறகு உடன் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேசி, ஏறினால் ஒன்றாக ஏறுவது என்று முடிவு செய்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு பிற்பகல் பெருத்த இடிமழை. தம்பிக்குக் கை சில்லிட்டது, வாந்தி வரவில்லை. மழை விட்டு வெகு நேரம் கழித்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அம்மா வந்தார். வாசலிலேயே அவன் கேட்டான்:

“நான் பதினெட்டு எண்ணினேன். நீ எத்தனைம்மா?”