அவையஞ்சாத டில்லன்

ஒரு கலகத்தை வெறுத்தவர், அக்கலகக்காரரின் உயிருக்காக, அவர்களைப் பகைத்த மன்றத்தின் நடுவே எழுந்து வாதாடுதல் எளிதோ? 1916-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் இலண்டன் காமன்ஸ் சபையில் அதனைச் செய்தவர், அயர்லாந்து தேசீயக் கட்சித் தலைவருள் ஒருவராகிய ஜான் டில்லன்.

அக்காலை முதல் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அயர்லாந்துக்குச் சுயராட்சி வழங்கும் சட்டம் 1914-இல் நிறைவேறியும், போரை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டது. பார்லிமெண்டின் வழியே அவ்வுரிமையைப் பெறலாமென்று தம் வாணாளைச் செலவிட்டவர் டில்லன். 1916 ஏப்ரல் 24-இல், ஈஸ்டர் திங்களன்று, டப்ளினில் மூண்ட கலகம் அவ்வுழைப்புக்கே உலைவைப்பதாயிற்று. ஆறு நாளில் அது அடங்கிற்று. பின்னர்ச் சேனாதிபதி மாக்ஸ்வெல், மூடிய கதவுக்குள் இராணுவ நீதிமன்றங்களைக் கூட்டுவித்து, மே 3 முதல் தலைவர்களைச் சிலர் சிலராகச் சுட்டுக் கொல்வித்தார். 11-ஆம் நாளளவில் பதின்மூவர் மாண்டனர்.

கலக நாட்களில் டப்ளினிலேயே தம் இல்லத்தில் இருந்தவர் டில்லன். படைக்கலம் ஏந்தாத எழுத்தாளர் ஷீஹி ஸ்கெபிங்டன், கடைகள் கொள்ளைபோவதைத் தடுக்க முயன்றவர், விசாரணையின்றிப் போர்ட்டோபெல்லோ பாசறையிற் சுடப்பட்டதை அவர் சபைக்கு எடுத்துரைத்தார். அயர்லாந்தின் கலகங்களுள் மக்களிற் பெரும்பாலோர் அரசாங்கத்தின் பக்கம் நின்றது இதுவே முதன்முறை; அந்நல்லெண்ணத்தையும் எங்கள் வாழ்நாட் பணியையும் நீங்களே குருதியிற் கரைக்கின்றீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அம்மட்டோடு நில்லாது, கலகக்காரர் அறிவிழந்தாரேனும் வீரத்தோடு போர்புரிந்தனர் என்றும், அவ்வீரத்தைக் குறித்துத் தாம் பெருமை கொள்வதாகவும் கூறினார். சபையிற் கூச்சல் எழுந்தது. வள்ளுவர் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்தார். டில்லன் முன்னதிற் பிழைத்தார் எனலாம். யான் அவ்வாறு கருதவில்லை. இரந்து மட்டும் நின்றிருப்பின், அது பத்தோடு பதினொன்றாம் விண்ணப்பமாய் ஒழிந்திருக்கும்.

பிரதம மந்திரி அஸ்க்வித் மறுமொழி கூறுகையில், கலகக்காரரின் தீரத்தைத் தாமும் ஒப்புக்கொண்டார். ஆயினும் கலகப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் எஞ்சிய இருவருக்கு இரக்கமில்லை. மறுநாட் காலையில் மக்டெர்மட்டும் கானலியும் சுடப்பட்டனர். காயமுற்றிருந்த கானலியை நாற்காலியில் இருத்திச் சுட்டனர். அன்றே அஸ்க்வித் டப்ளின் சேர்ந்தார். அவ்விருவருக்குப்பின் அக்கலகத்தின்பொருட்டு டப்ளினில் ஒருவரும் சுடப்படவில்லை. டில்லனின் பேச்சொன்றே அதற்குக் காரணமென்று துணிதல் மிகை. அதனைப் புறக்கணித்தலும் நேர்மையன்று.

1918 ஏப்ரலில் அயர்லாந்தின்மீது கட்டாயப் படைச்சேர்க்கை சுமத்தப்பட்டபோது, கட்சித் தலைமை ஏற்றிருந்த டில்லன் தம் அங்கத்தினரோடு சபையைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தில் அவர் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் ஆறே. 1885 முதல் தாம் வகித்த கிழக்கு மேயோவையும் அவர் இழந்தார். ஏறத்தாழ இருமடங்கு வாக்குகளால் அவரை வென்றவர் டி வலேரா. 1916 மே மாதத்தில் மரணதண்டனை குறைக்கப்பெற்று உயிர்தப்பியவர். அத்தேர்தலின்போது அவர் இங்கிலாந்திற் சிறையில் இருந்தார்.