கடைவீதியும் கடனும்

இந்தூர் நகரின் சராஃபா கடைவீதியில் பகலெல்லாம் தங்கமும் வெள்ளியும் விற்பனையாகின்றன. இரவில் நகைக்கடைகள் அடைக்கப்பட்டதும் அவற்றின் வாசல்களிலேயே உணவுக் கடைகள் விரிகின்றன; நள்ளிரவு கடந்தும் கூட்டம் குறைவதில்லை. பூட்டிய நகைக்கடையின் முன் ஆள்நடமாட்டம் இருப்பதே நல்ல காவல் என்பது அவ்வூர் வணிகர் வழிவழியாகக் கூறும் காரணம். ஒரே இடம் இரு தரப்பினருக்கும் பிழைப்பளிக்கிறது. நகரின் மையத்திலுள்ள சிறு வணிகத்தை எவ்வாறு தக்கவைப்பது என்று ஆராயும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இடம் என்னும் சொத்தைத்தான். வாடிக்கையாளர் தேடி வரும் மூலையை இழந்த வணிகருக்கு எவ்வளவு கடன் கொடுத்தாலும் அது வட்டிச் சுமையாகவே முடியும்.

இதனை உணர்ந்தே 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் இயற்றப்பட்டது. வணிகர்களைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். இடம் மாற்றுவதாயின் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பறிமுதல் செய்த பொருள்களில் அழுகக்கூடியவற்றை அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். 50 ஆண்டுகளுக்கு மேலாக இயங்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ளோரை அப்புறப்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வணிகர்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்; அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இவ்வளவும் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்தால்தான் பயன் தரும் என்பது நமது கருத்து. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குச் சட்டம் எட்டாக்கனியே.

சாலையைச் சீரமைப்பதும் ஆதரவுதான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. தில்லியின் சாந்தினி சௌக்கில் செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரையிலான ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தொலைவு 2021-இல் நடைபாதை வீதியாகத் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. நடந்து வந்து வாங்குவோருக்கு இது வசதி. மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்கும் மொத்த வணிகருக்கோ வேலை இரவுக்குத் தள்ளிப்போகிறது. சில்லறைக்கும் மொத்தத்திற்கும் தேவை வேறு வேறு என்பதை வரைபடம் தீட்டும்போதே எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, கடன். பல இடங்களில் காலையில் 900 ரூபாய் பெற்று மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் வழக்கம் இன்றும் உள்ளது. மாதத்தில் 25 நாள் இவ்வாறு செய்தால் வட்டி மட்டும் 2,500 ரூபாய்! 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இதற்கு மாற்று. பிணையம் தேவையில்லை. 2025-இல் மாற்றியமைக்கப்பட்டபின் முதல் தவணைக் கடன் 15,000 ரூபாய் வரையும், அடுத்தவை முறையே 25,000, 50,000 ரூபாய் வரையும் கிடைக்கும். முதற்கடனை 12 சம மாதத் தவணைகளில், 12 சதவீத வட்டியில் செலுத்துவதாகக் கொள்வோம். ஓராண்டு முழுவதற்கும் வட்டி ஏறத்தாழ 1,000 ரூபாய். தவறாது செலுத்துவோருக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு. அதைக் கழித்தால் எஞ்சுவது 400 ரூபாய்க்குச் சற்று மேல். நாள்வட்டிக்காரருக்கு ஐந்தே நாளில் போகும் தொகையைவிட இது குறைவு.

சான்றிதழ் இல்லாதவர்கள் உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதத்துடன் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் கடனை அடைத்தவர்கள் யுபிஐ வசதியுடன் கூடிய ரூபே கடன் அட்டையும் பெறலாம். கட்டடத்தில் கடை வைத்திருப்போருக்கு முத்ரா திட்டம் பொருந்தும்: சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோரில் 5 இலட்சம் வரையும், தருணில் 10 இலட்சம் வரையும் கடன் உண்டு. தருண் கடனை முறையாக அடைத்தவர்களுக்கு 20 இலட்சம் வரை வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்க வருவோர் தம் கடையின் அன்றாட வரவு செலவை எழுதிய குறிப்பேட்டையும் உடன் கொண்டுவருவது கிளை அலுவலரின் வேலையை எளிதாக்கும்.