சேற்றுப் புழுவும் அதன் குரோமோசோமும்

மாலை வேளையில் நீர்நிலைகளின் மேல் தூணைப் போல் எழுந்து சுழலும் கைரோனோமஸ் பூச்சிகளைக் கொசுவென்று எண்ணி, அவை கடிக்குமென்று அஞ்சுவோர் பலர். ஆனால் அவற்றின் வாயில் தோலைத் துளைக்கும் உறுப்பே இல்லை. சேற்றில் வாழும் அவற்றின் புழு சிவந்திருப்பது பிற ஜீவன்களின் இரத்தத்தைக் குடித்ததனால் என்பதும் தவறு. பிராணவாயு அருகிய அடிச்சேற்றில் உயிர்தரிக்கும் பொருட்டு, தன் உடலிலேயே அது ஆக்கிக்கொள்ளும் ஹீமோகுளோபினின் நிறம் அது.

இவற்றினும் ஆழமாக வேரூன்றி, கற்றவர்களிடத்தும் காணப்படும் நம்பிக்கை ஒன்றுண்டு: உருவம் ஒன்றாயின் இனமும் ஒன்றே என்பது. புழுவின் தலையடியிலுள்ள பற்தகட்டின் அமைப்பும், உடலின் பின்பகுதியில் தொங்கும் குழல்களின் நீளமும் வகைப்பாட்டுக்குப் பெரிதும் உதவுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பற்கள் தேய்கின்றன, உலோகக் கழிவு கலந்த நீரில் விகாரமும் அடைகின்றன. கைரோனோமஸ் ரிப்பேரியஸ், கைரோனோமஸ் பைகர் என்னும் இரண்டின் புழுக்களையும் வெறும் உருவத்தைக் கொண்டு பிரித்தறிதல் மிகக் கடினம். குரோமோசோம்களோ வேறு கதை சொல்கின்றன: முன்னதில் டி.என்.ஏ.யின் அளவு சுமார் 27 சதவீதம் கூடுதலென்று ஜெர்மானிய விஞ்ஞானி கைல் கண்டறிந்தார்.

குரோமோசோம்கள் செல் பிரியும் வேளையில் மட்டுமே புலப்படும் என்பது பொதுவாக மெய்யே. ஆனால் இப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அவ்விதி பொருந்துவதில்லை. அங்கே செல்கள் பிரியாமலே டி.என்.ஏ. மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டித்து, ஆயிரக்கணக்கான இழைகள் பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டி, குறுக்கே கரும்பட்டைகள் தெரியும் தடித்த வடங்களாகின்றன. பிரெஞ்சு அறிஞர் பால்பியானி 1881இலேயே இவற்றைக் கண்டு வருணித்தும், இவை குரோமோசோம்களே என்ற உண்மை 1933இல்தான் நிலைநாட்டப்பட்டது. பட்டைகளின் வரிசை ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கொண்டே, உருவத்தால் பிரிக்கவியலாத இனங்களையும் ஆராய்ச்சியாளர் பிரித்தறிகின்றனர்.

அவ்வடங்களில் ஆங்காங்கே காணப்படும் வீக்கங்களை வெறும் சிதைவென்று ஒதுக்குவதும் பிழையேயாகும்; அவை ஜீன்கள் தொழிற்படும் இடங்கள் என்பதை 1952 முதல் பீர்மன் என்னும் விஞ்ஞானி விளக்கிவந்தார். வீக்கங்களுள் மிகப் பெரியவையான பால்பியானி வளையங்கள், புழு தன் சேற்றுக்குழாயைக் கட்டப் பயன்படுத்தும் பட்டிழையின் புரதங்களுக்குரியவை. நெருங்கிய இரண்டு இனங்களுள் ஒன்றின் சுரப்பியில் சில செல்கள் மட்டும் ஒருவகைத் துகள்களைச் சுரப்பதையும் மற்றதில் அவை இல்லாமையையும் கண்ட பீர்மன், இரண்டையும் கலந்து கலப்பினம் உண்டாக்கி, அத்துகள்களுக்குக் காரணமான ஜீன் நான்காம் குரோமோசோமில், அச்செல்களில் மட்டும் தோன்றும் வளையத்தின் இடத்திலேயே அமைந்திருப்பதை 1961இல் காட்டினார்.