‘வாய்ப்பில்லை’ – ஜப்பானியத்தில் ஒரு தொடர்



டில்லியில் படிக்கும் நம்மவர்க்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் புதிய இடமன்று. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மீனும் நாடி அங்கே செல்கிறோம். “தெற்கேயிருந்து இவ்வளவு தொலைவு வந்த காய் மலிவாக இருக்க வாய்ப்பில்லை” என்கிறார் உடன் வந்த நண்பர். இந்த ‘வாய்ப்பில்லை’யை ஜப்பானியர் எப்படிச் சொல்வர் என்பதே இன்றைய பாடம்.

‘ஹஸு கா நை’ என்பது அத்தொடர். ‘ஹஸு’ என்பதன் பழம்பொருள், அம்பின் அடியில் நாண் பொருந்தும் பள்ளம். நாணும் பள்ளமும் பொருந்துவதுபோல், எண்ணியபடி நடக்க வேண்டியது என்ற பொருள் அதிலிருந்து பிறந்தது. ‘கா’ எழுவாயைக் காட்டும் உருபு. ‘காந்தி’ என்பதன் முதலெழுத்துப்போல் ஒலிக்க. ‘நை’ என்றால் இல்லை.

நமக்கு இது எளிது. ‘குரு ஹஸு கா நை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வரும் வாய்ப்பு இல்லை’ என்றாகிறது. வினை, நம் பெயரெச்சம்போலவே பெயருக்கு முன் நிற்கிறது.

1. வினையுடன்: குரு ஹஸு கா நை – வர வாய்ப்பில்லை.
2. பண்புச்சொல்லுடன்: யஸுயி ஹஸு கா நை – மலிவாக இருக்க வாய்ப்பில்லை.
3. பெயருடன் ‘நோ’ சேர்க்க: உஸோ நோ ஹஸு கா நை – பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

வானத்தைப் பார்த்து, “மழை பெய்யும் எனத் தோன்றவில்லை” என்பதற்கு இத்தொடர் பொருந்தாது. அங்கே ‘ஃபுரிஸோ மோ நை’ என்க. அது கண்ட தோற்றத்தைச் சொல்வது. ‘ஹஸு கா நை’யோ காரணங்களை எண்ணிப் பார்த்து, “நடக்கவே நடக்காது” என்று உறுதியாக மறுப்பது.

ஆயினும் அவ்வுறுதி சொல்பவருடையது, உண்மைக்குச் சான்றாகாது. இந்திய தேசிய ராணுவத்தையே எண்ணுங்கள். மலேயாத் தமிழர் பலர் அதில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்ட் 18இல் தைப்பேயில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் என்று ஜப்பான் அறிவித்தது. பலர் நம்பவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் அவர் உயிரோடிருப்பதாகவே கூறிவந்தார். ‘ஷிந்தா ஹஸு கா நை’ – இறந்திருக்க வாய்ப்பில்லை – என்பதே அந்த நெஞ்சங்களின் வாக்கியம். 1956ஆம் ஆண்டுக் குழுவும் 1974இல் அறிக்கை தந்த ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. 2005இல் அறிக்கை தந்த ஆணையம் அதை மறுத்தது. அரசு அம்முடிவை ஏற்கவில்லை. அன்பும் காரணம் காட்டும். அக்காரணம் வலிமையுடையதா என்று ஆராய்வது நம் கடன்.

ஆகவே இத்தொடரைச் சொல்லுமுன், “எதனால்?” என்று உங்களையே கேளுங்கள். விடை இருந்தால் ‘ஹஸு கா நை’. இல்லையேல் ‘ஸோ மோ நை’யோடு நிறுத்துங்கள்.

பயிற்சி: ‘தகாயி’ என்றால் விலை மிகுந்தது. “விலை மிகுதியாக இருக்க வாய்ப்பில்லை” என்பதை ஜப்பானியத்தில் கூறுக.

விடை: தகாயி ஹஸு கா நை.