வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டால்: முதல் ஒரு நிமிடம்

கர்ப்பிணிகளுக்கான எங்கள் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் என்ன செய்வது?" அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது: "எவர் உதவியுமின்றி நாங்களே வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டால் என்ன?" முதல் கேள்விக்குரிய விடையிலேயே இரண்டாவதற்கான விடையும் இருக்கிறது.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் நிறைந்திருக்கும். பிறந்தவுடன் எடுக்கும் முதல் மூச்சுகள் அந்நீரை அகற்றி நுரையீரலை விரிக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 85 பேர் அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்செடுத்துவிடுகின்றனர். மேலும் 10 பேர் நன்றாகத் துடைத்துவிட்டால் மூச்செடுப்பர். எஞ்சிய ஏறக்குறைய 5 பேருக்குப் பிறர் காற்றூட்ட வேண்டியிருக்கும். அந்த ஐவரில் உங்கள் குழந்தை உண்டா என்பதை எந்த ஸ்கேனும் முன்கூட்டி உறுதியாகச் சொல்லாது.

வலி தீவிரமானதும் 108ஐ அழையுங்கள். அலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து, மறுமுனையில் இருப்பவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திச் சன்னலைச் சாத்துங்கள். துவைத்து உலர்த்திய பருத்தித் துணிகள் சில கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிறந்த குழந்தையை உடனே தாயின் வயிற்றின்மேல் கிடத்தி, தலை முதல் கால்வரை அழுத்தித் துடையுங்கள். ஈரத்துணியை அகற்றிவிட்டு உலர்ந்த துணியால் போர்த்துங்கள். முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தூக்கி அடிப்பதும், முகத்தில் குளிர்ந்த நீர் தெளிப்பதும் திரைப்படங்களில் கண்டவை. அவை தீங்கே செய்யும்.

துடைத்த பின்னும் குழந்தை அழாமல் துவண்டு கிடந்தால், மேலும் காத்திருக்கலாகாது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தித் தோள்களின் கீழ் மடித்த துணி ஒன்றை வையுங்கள். முகம் கூரையை நோக்கியிருக்கட்டும்; கழுத்து மடங்கவும் கூடாது, மிகையாகப் பின்னே சாயவும் கூடாது. வாயில் சளி தென்பட்டால் துணியால் துடைத்துவிட்டு, குழந்தையின் வாயும் மூக்கும் உங்கள் வாய்க்குள் அடங்குமாறு வைத்து மெல்ல ஊதுங்கள். கன்னத்தில் அடங்கும் காற்றே போதும். மார்பு உயர்கிறதா என்று பாருங்கள். உயராவிட்டால் தலையின் நிலையைச் சரிசெய்து மீண்டும் ஊதுங்கள். மூச்சு வரும்வரையோ ஊர்தி வரும்வரையோ நிறுத்தலாகாது.

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். மேற்சொன்னவை அனைத்தும் ஒரே நிமிடத்துக்குள் நடந்தேற வேண்டியவை. மருத்துவமனையில் பொம்மையை வைத்துப் பலமுறை பழகிய ஒருவர், காற்றூட்டும் பையோடு, குழந்தைக்கென்றே நிற்கிறார். தாயை வேறொருவர் கவனிக்கிறார். வீட்டில், அதே நிமிடத்தில் தாய்க்கு உதிரப்போக்கு தொடங்கினால், தனியொரு கணவர் எவரைக் காப்பார்? காணொளி பார்த்துக் கற்றது அந்நேரத்தில் கைக்கு வருவதில்லை. வண்டி வரும்வரை சமாளிப்பதற்கே இப்பயிற்சி. மருத்துவமனைக்கு இது மாற்றாகாது.

குழந்தை நன்றாக அழுதால் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படும்படி அணைத்து, தலையையும் சேர்த்து மூடுங்கள். உள்ளங்கையும் பாதமும் முதலில் சற்று நீலமாக இருப்பது இயல்பு. உதடும் நாக்கும் நீலமாயிருந்தால் ஆபத்து. தொப்புள் கொடியை வீட்டில் அறுக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். நஞ்சுக்கொடி தானாக வெளிவந்தால் ஒரு பையிலிட்டுக் குழந்தையோடு சேர்த்தே கொண்டு வாருங்கள். கொடியில் சாம்பல், மஞ்சள் எதுவும் பூசலாகாது. சேனை வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது ஆகியவற்றைப் பாட்டிமார் அன்பினால்தான் சொல்கின்றனர். ஆயினும் சீம்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். குளிப்பாட்டுவதையும் ஒரு நாள் தள்ளிவையுங்கள்.

"அழுதுவிட்டது, இனி எதற்கு மருத்துவமனை?" என்று சிலர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். உட்புற இரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி குழந்தைக்குப் போட வேண்டும்; தாய்க்குக் கிழிசலும் உதிரப்போக்கும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் பிரசவப் பிரிவின் கதவு இரவிலும் திறந்தே இருக்கும்.