எத்தனை மணிக்கு வலித்தது என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

திருபுவனைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். மூளையில் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவரின் வீக்கம்) வெடித்தவருக்கு சி.டி. நல்லதா, எம்.ஆர்.ஐ. நல்லதா, ஆஞ்சியோ நல்லதா என்று கேட்டிருந்தாய். உன் நிலையத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. மதகடிப்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, வில்லியனூர் வழியாகக் கோரிமேடு ஜிப்மருக்கோதான் அனுப்பப்போகிறாய். ஆனாலும் எந்த ஸ்கேனை எவ்வளவு நம்பலாம் என்பது வலி தொடங்கிய நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரத்தைக் கேட்டறியும் முதல் வாய்ப்பு உனக்குத்தான். ‘தலைவலி, வாந்தி’ என்று இரண்டே சொல் எழுதிய சீட்டுகளைப் பல வருடம் ஸ்கேன் அறையில் உட்கார்ந்து படித்தவன் சொல்கிறேன்.

புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் ஹீமோகுளோபினின் அடர்த்தி. மணி ஆக ஆக மூளைத் தண்டுவட நீர் அதைக் கரைத்துக்கொண்டே போகிறது, வெண்மையும் மங்குகிறது. கனடாவில் ஜெஃப்ரி பெர்ரி குழுவினர் 3,132 தலைவலி நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஒரு ரத்தக்கசிவைக்கூடத் தவறவிடவில்லை. அதற்குப் பின் எடுத்ததில் ஏழு ரத்தக்கசிவில் ஒன்று தவறியது. ஒரு வாரம் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டு வருகிறவருக்குப் பாதிக்குப் பாதி தவறும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. நல்ல மெஷினும், அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டும், போதிய ஹீமோகுளோபினும் இருந்தால்தான் அந்த 6 மணி நேரக் கணக்கு செல்லும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் மூளைத் திசுவின் நிறத்திலேயே கலந்து மறைந்துவிடக்கூடும். நாற்று நடப்போகும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருக்கிறது? அதனால் விரல் நுனியில் குத்திப் பார்த்த அந்த எண்ணையும் சீட்டில் எழுதிவிடு.

சி.டி. சுத்தம் என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால், 12 மணி நேரம் கடந்த பின் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் சிதைந்த மஞ்சள் நிறம் சுமார் இரண்டு வாரம் வரை அதில் தெரியும். நாலைந்து நாள் தாண்டியவருக்கு எம்.ஆர்.ஐ.யின் ஃப்ளேர் படமும், பழைய ரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் படமும் சி.டி.யை விடக் கைகொடுக்கும். ஆனால் வாந்தியும் குழப்பமுமாகப் புரள்கிறவரை எம்.ஆர்.ஐ.க்குள் அசையாமல் படுக்க வைக்க முடியுமா?

இதுவரை சொன்னது ரத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு. எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. கை ரத்தநாளத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ சில நொடிகளில் முடிந்துவிடும். முதல் சி.டி. எடுத்த அதே மேசையில், நோயாளியை எழுப்பாமல் எடுக்கலாம் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு. 3 மில்லிமீட்டருக்குக் கீழுள்ளதையும், மண்டை ஓட்டின் அடித்தள எலும்போடு ஒட்டிக் கிடப்பதையும் அது விட்டுவிடக்கூடும். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைத்துச் செய்யும் டி.எஸ்.ஏ. படத்திலிருந்து எலும்பை நீக்கி ரத்தக்குழாயை மட்டும் காட்டும். அனியூரிசத்தைக் காயில் (உலோகச் சுருள்) வைத்து அடைப்பதாக இருந்தால் அந்த மேசையிலேயே வைத்துவிடலாம். பக்கவாதம் வரும் ஆபத்து அதில் சிறிதளவு உண்டு. இருந்தாலும் ரத்தம் பரவலாகக் கிடந்து சி.டி. ஆஞ்சியோவில் ஒன்றும் தெரியாதபோது டி.எஸ்.ஏ. பார்க்காமல் விடக்கூடாது. அதிலும் தெரியாவிட்டால் சில நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கருவி மாறினால் கணக்கும் மாறும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி, இந்தியாவில் அனியூரிசம் குறைவாகவே காணப்படுகிறது என்று 1969இல் எழுதினார். அப்போது சி.டி. இல்லை, லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971 அக்டோபரில்தான். எகாஸ் மோனிஸ் 1927இல் லிஸ்பனில் தொடங்கிவைத்த ஆஞ்சியோவைத்தான் நம்பியிருந்தார்கள். கழுத்து ரத்தக்குழாயில் நேரே ஊசி ஏற்றிச் செய்த காலம் அது. வீட்டிலேயே இறந்தவர்களும், ஆஞ்சியோ வரை போகாதவர்களும் எந்தக் கணக்கில் வருவார்கள்? சி.டி. பரவிய பிறகு ராமமூர்த்தியின் அந்தக் கருத்து கேள்விக்குள்ளானது. அவரைக் குறை சொல்ல நான் யார்? கிடைத்த கருவியில் கண்டதை எழுதினார். இன்று கருவி இருக்கிறது. அந்தக் கருவி வரை நோயாளி போய்ச் சேர்வதில்தான் சிக்கல். 2004இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில் 482 ரத்தக்கசிவு நோயாளிகளில் 56 பேருக்கு முதலில் நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு சி.டி.யே எடுக்கவில்லை, பலரை ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலி என்று அனுப்பியிருந்தார்கள்.

ஆகவே நேரத்தைக் கேள். “காலையில இருந்துங்க” என்பார்கள். அதோடு விட்டுவிடாதே. மாடு கறக்கும்போதா, கறந்து முடித்தா? மில்லில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பா, பஸ்ஸிலா? குளிக்கும்போதா, வெளிக்குப் போனபோதா? நோயாளிக்கு நினைவில்லாவிட்டால் தாங்கிப் பிடித்தவரைக் கேள். வலி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரமானது, போன வாரம் இதேபோல வந்து தானாக அடங்கியதா என்றும் கேள். “பிடரியில யாரோ அடிச்ச மாதிரி” என்றால் கழுத்தைத் தொட்டுப் பார். ஊசியில் வலி குறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதே. கசிந்த அனியூரிசத்தின் வலியும் ஊசியில் குறையும். மறுபடி வெடிக்கும் ஆபத்து அதிகம் இருப்பது முதல் 24 மணி நேரத்தில்.

108 வண்டி கிளம்பும் முன்பே, போய்ச் சேரும் இடத்து ரேடியாலஜி பணி மருத்துவரைக் கூப்பிட்டு, தொடங்கிய நேரம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின் தெரிந்தால் அது, மூன்றையும் சொல். வழியில் எங்காவது சி.டி. எடுத்திருந்தால் அந்தப் படங்கள் உள்ள குறுந்தட்டைக் கேட்டு வாங்கி அனுப்பச் சொல். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து செல்போனில் எடுத்த படத்தில் மெல்லிய ரத்தம் தெரியாது.

அன்புடன்,
உன் அண்ணன்